கார்ட்லெஸ் மைக்குக்கு பேடில் ஆன்டெனா வாங்குவதா, ரிசீவரையே மேடைப் பக்கம் நகர்த்துவதா?

போன ஆவணியில் தெரிந்த மண்டப மேனேஜர் ஒருவர் போன் பண்ணினார். "அண்ணே, நம்ம கார்ட்லெஸ் மைக் எல்லாம் முகூர்த்த நேரம் பார்த்து கட் ஆகுது. போன வாரம் லைட் மியூசிக் வந்த பசங்க கறுப்பா விசிறி மாதிரி ரெண்டு ஆன்டெனா வெச்சிருந்தாங்க. அன்னைக்கு ஒரு தடவைகூட கட் ஆகலை. அதே மாதிரி ரெண்டு வாங்கிப் போட்டா சரியாயிடும்ல?"

அந்த விசிறியை எங்கள் சவுண்ட் தொழிலில் பேடில் என்போம். நல்ல பொருள்தான். ஆனால் உள்ளே ஆம்ப்ளிஃபயர் வைத்த நல்ல ஆக்டிவ் பேடில் ஒரு ஜோடி விலைக்கு நடுத்தர மைக் செட்டே இன்னொன்று எடுத்துவிடலாம். அதனால் வாங்கச் சொல்வதற்கு முன் நேரில் போய்ப் பார்த்தேன்.

மிக்ஸர் மண்டபத்தின் கடைசியில், வாசல் கதவை ஒட்டி இருந்தது. மேடையிலிருந்து அடி அளந்து பார்த்தால் 30 மீட்டர். மிக்ஸர் மேஜைக்குக் கீழே இருந்த ரேக்கில் நாலு ரிசீவர், அதாவது மைக் அனுப்பும் அலையை வாங்கும் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு குச்சி ஆன்டெனா, ஆக எட்டுக் குச்சி, முள்ளம்பன்றி மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ரேக்குக்குப் பின்னால் சுவர், முன்னால் எண்ணூறு நாற்காலி. காலையில் காலி மண்டபத்தில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லிப் பார்க்கும்போது எல்லாம் சுத்தமாக இருக்குமாம். தாலி கட்டும் நேரத்தில், எல்லோரும் எழுந்து நின்று அட்சதை போடும் அந்த இரண்டு நிமிஷம்தான் கட் ஆகுமாம்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், இந்த மைக்குகள் அனுப்பும் யுஎச்எஃப் ரேடியோ அலையை அது நன்றாகவே விழுங்கும். உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு மேலாகத் தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருந்த சிக்னல், அவர்கள் எழுந்து நின்றதும் முழங்கால் உயரத்தில் இருக்கும் குச்சிக்கு வந்து சேர வழியில்லை. மேடையிலோ புரோகிதரைச் சுற்றிப் போட்டோக்காரர், வீடியோக்காரர் என்று இன்னொரு மனிதச் சுவர்.

சரி, இதற்கு என்னென்ன வழி உண்டு, எதற்கு என்ன பலன் என்று பார்ப்போம். ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும் என்பதால் டெசிபல் கணக்கைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 3 டெசிபல் போனால் சிக்னல் பாதி. 10 டெசிபல் போனால் பத்தில் ஒன்று. மைக்குக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கிடைக்கும். இந்த மூன்றும் மனசில் இருந்தால் போதும்.

முதல் வழி, ரிசீவர் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், குச்சியைக் கழற்றிவிட்டு பேடில் மாட்டுவது. மேனேஜர் கேட்டது இதைத்தான். ரிசீவரோடு வரும் குச்சி எல்லாத் திசையிலும் கேட்கும். பேடில் ஒரு பக்கம் பார்த்துக் கேட்கும், பின்பக்கம் வருவதை நன்றாக அடக்கும். அதனால் முன்பக்கத்தில் குச்சியைவிடச் சுமார் 4, 5 டெசிபல் கூடக் கிடைக்கும். மண்டபத்தின் கடைசியில் நிற்கவைத்தால் கிடைப்பது அவ்வளவுதான். எழுந்து நிற்கும் எண்ணூறு பேருக்கு முன்னால் 5 டெசிபல் எம்மாத்திரம்? பேடிலை ஸ்டாண்டில் ஏற்றித் தலைக்கு மேலே வைத்தால் நிலைமை தேறும். அப்படித் தேறினால் அதில் பெரும்பங்கு உயரத்துக்குப் போக வேண்டிய புண்ணியம்.

இரண்டாவது வழி, ரிசீவரை அப்படியே தூக்கி மேடைப் பக்கம் கொண்டுபோய், அதே குச்சிகளோடு வைப்பது. அங்கிருந்து ஆடியோவை மல்டிகோரில், அதாவது பல லைன் ஒன்றாக ஓடும் கேபிளில், மிக்ஸருக்கு அனுப்புவது. 30 மீட்டர் தூரம் 8 மீட்டர் ஆகிறது. வெட்டவெளிக் கணக்குப்படி 11 டெசிபலுக்கு மேல் லாபம். மண்டபத்துக்குள் எதிரொலிப்பு இருப்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனாலும் பேடில் தருவதைப்போல் இரண்டு மடங்கு டெசிபல். நடுவில் நிற்கும் கூட்டமும் கணக்கிலிருந்தே போய்விடுகிறது. செலவு, மல்டிகோரில் நாலு லைன். பழைய மண்டபமாக இருந்தாலும் மேடையிலிருந்து மிக்ஸருக்கு எப்படியும் ஒரு மல்டிகோர் ஓடிக்கொண்டிருக்கும், அதில் நாலு லைன் சும்மாதான் கிடக்கும். ஆடியோவை ரிசீவரின் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் வாயிலிருந்து எடுத்தால் 30 மீட்டர் அதற்கு ஒரு தூரமே இல்லை. ரேடியோ அலைக்குத்தான் கேபிளில் ஒவ்வொரு மீட்டரும் நஷ்டம்.

எனக்குப் பிடித்தது இந்த வழிதான். இருந்தும் ஆபரேட்டர்கள் இதற்குச் சுலபத்தில் சம்மதிப்பதில்லை. ரிசீவர் கண் முன்னால் இல்லாவிட்டால் அவர்களுக்குக் கை ஓடாது. பேட்டரி எவ்வளவு இருக்கிறது, சிக்னல் கோடு எத்தனை எரிகிறது என்று பார்க்க முடியாது. அந்தக் குறை நிஜமானதுதான், மழுப்ப விரும்பவில்லை. நெட்வொர்க் வழியாக லேப்டாப்பில் காட்டும் ரிசீவர்கள் உண்டு, ஆனால் மண்டபத்துக்காரர்கள் வாங்கும் விலையில் அது வராது. நான் செய்வது என்னவென்றால், முகூர்த்தத்துக்கு முன்னால் புது பேட்டரி, ரிசப்ஷனுக்கு முன்னால் மறுபடி புது பேட்டரி. பழையதைக் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் கொடுத்துவிடுவோம். மியூட் செய்வது எப்படியும் மிக்ஸரில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ரிசீவரின் பின்பக்கத்தைப் பாருங்கள். குச்சி திருகிக் கழற்றும் பிஎன்சி வகையாக இல்லாமல் பெட்டியோடு ஒட்டியே வந்திருந்தால், பேடில் பேச்சே வேண்டாம். மாட்ட இடம் இல்லை. இந்த இரண்டாவது வழி ஒன்றுதான் உங்களுக்கு.

மூன்றாவது வழி, ரிசீவர் மிக்ஸரிலேயே இருக்க, ஆன்டெனாவை மட்டும் மேடைப் பக்கம் கொண்டுபோவது. லைட் மியூசிக் பசங்க என்ன செய்தார்கள் என்று பிறகு விசாரித்தேன். பேடில் இரண்டையும் மேடைக்கு முன்னால், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், ஏழடி ஸ்டாண்டில் வைத்திருக்கிறார்கள். பாடகர்களுக்கும் அதற்கும் ஆறு மீட்டர்கூட இருக்காது. அந்த இடத்தில் சாதாரணக் குச்சியை வைத்திருந்தாலும் அன்றைக்குக் கட் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அவர்கள் இன்னொன்றும் சரியாகச் செய்திருந்தார்கள். கேபிள், கைவிரல் தடிமனுக்கு இருந்தது.

கேபிளைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். பேடில் வாங்கிய பலர் ஏமாறுவது இதில்தான். கடையில் பிஎன்சி மாட்டி ரெடிமேடாகக் கிடைப்பது பெரும்பாலும் ஆர்ஜி-58, பென்சிலைவிட ஒல்லி, 5 மில்லிமீட்டர். 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது 30 மீட்டருக்கு 11, 12 டெசிபலைத் தின்றுவிடும். இப்போது கணக்குப் போடுங்கள். ஆன்டெனாவை மேடைப் பக்கம் கொண்டுபோனதில் கிடைத்தது 11 சொச்சம், பேடிலில் கிடைத்தது 4, 5. கேபிளில் போனது 11, 12. மிச்சம் அதே 4, 5 தான். பேடிலை மிக்ஸர் மேஜையிலேயே நிறுத்தியிருந்தால் கிடைத்திருக்கும் அதே லாபம், கூட்டத்தைத் தாண்டியதைத் தவிர. எல்எம்ஆர்-400 என்ற 10 மில்லிமீட்டர் கேபிளில் அதே 30 மீட்டருக்கு நஷ்டம் 3 டெசிபல் சொச்சம்தான். அப்போது கையில் நிற்பது 12, 13. பேடிலுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியையாவது கேபிளுக்குக் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அந்தத் தடித்த கேபிள் மண்டபத்தில் நிரந்தரமாகச் சுவரோரம் போடுவதற்குத்தான் லாயக்கு. தினமும் சுருட்டி வேனில் ஏற்றுகிறவர்கள் கொஞ்சம் வளையும் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இங்கே ஒரு கிளைக்கதை. டிவி டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளைப் போடலாமா என்று கேட்பார்கள். இம்பீடன்ஸில் (மின் எதிர்ப்பு அளவில்) அது 75 ஓம், நம்முடையது 50 ஓம், சேராது, போடவே கூடாது என்று நானும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த ஓம் வித்தியாசத்தால் போவது அரை டெசிபல்கூட இல்லை. 30 மீட்டருக்கு மொத்த நஷ்டம் 5 டெசிபல் அளவில்தான், ஆர்ஜி-58-ஐவிட எவ்வளவோ தேவலை. அதன் எமன் கேபிளில் இல்லை, முனையில் இருக்கிறான். டிவி கேபிளின் எஃப் கனெக்டரிலிருந்து பிஎன்சிக்கு மாற்றும் அடாப்டர் ஆடும், வலைக்கம்பியில் ஒரு இழை நடுக்கம்பியைத் தொடும். சென்னை ரிச்சி தெருவில் கிரிம்ப் செய்து கொடுப்பவர்களிடம் 50 ஓம் கேபிளையே முனை மாட்டி வாங்கிவிடுவது நிம்மதி. வாங்கியதும் முனையைப் பிடித்து லேசாகத் திருகிப் பாருங்கள். திரும்பினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேபிளில் போவதை ஈடுகட்டத்தான் ஆக்டிவ் பேடில். உள்ளே ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கும். ஷூர் யுஏ874 போன்றவற்றில் கூட்டவும் குறைக்கவும் நாலு நிலை உண்டு: +12, +6, 0, -6. நம் ஆட்கள் கையில் கிடைத்ததும் +12-ல் வைத்துவிடுவார்கள். அதிகம் வைத்தால் அதிகம் கேட்கும் என்ற எண்ணம், ஸ்பீக்கர் வால்யூம் மாதிரி. ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கு மைக் சிக்னல் எது, இரைச்சல் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே தூக்கும். பாடகர் பேடிலுக்கு இரண்டு மீட்டரில் வந்து நின்றால் ரிசீவர் திணறி, பக்கத்து மைக்கின் சேனலில் கரகர என்று சத்தம் வரும். கேபிளில் எவ்வளவு போகிறதோ அவ்வளவு மட்டும் கூட்டுங்கள். எல்எம்ஆர்-400 போட்டிருந்தால் கூட்டவே வேண்டாம், ஷூர் பிஏ805, சென்ஹைசர் ஏ2003 மாதிரி உள்ளே ஆம்ப்ளிஃபயர் இல்லாத பேடிலே போதும். மின்சாரம் வேண்டாம், விலையும் குறைவு. ஆக்டிவ் பேடிலுக்குக் கரண்ட், ரிசீவரிலிருந்தோ, ஆன்டெனா சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்தோ அதே கேபிள் வழியாக வர வேண்டும். உங்கள் ரிசீவர் அதைத் தராத ரகமாக இருந்தால் ஆக்டிவ் பேடில் வெறும் அட்டை.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர். இரண்டு பேடிலை நாலு ரிசீவருக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும். டி வடிவ பிஎன்சி ஜாயின்டை வரிசையாகக் கோத்து ஒப்பேற்றியதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் பாதி, நாலாகப் பிரித்தால் கால். அதாவது 6 டெசிபலுக்கு மேல் போகும், பேடில் தந்ததைவிட அதிகம். ஆக பேடில் என்று ஆரம்பித்தால் பேடில், கேபிள், டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றும் சேர்ந்துதான் வரும். மேனேஜரிடம் இதைச் சொன்னபோது, "விசிறி மட்டும்தானேன்னு நெனச்சேன்" என்றார்.

குறைந்த செலவில் நாலாவது ஒன்று உண்டு. அரை அலை குச்சி. 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். ரிசீவரோடு வரும் குச்சி பெரும்பாலும் கால் அலை, 12 சென்டிமீட்டர் சொச்சம். அது ரிசீவரின் உலோகப் பெட்டியையே தன் மறுபாதியாக வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. அதைக் கழற்றி 10 மீட்டர் கேபிளின் நுனியில் மாட்டி ஜன்னல் கம்பியில் கட்டினால், துணையை இழந்தது மாதிரிதான். 25 சென்டிமீட்டர் அரை அலைக் குச்சிக்குப் பெட்டி தேவையில்லை, தனியாகவே நிற்கும். சின்ன மண்டபம், ஐந்தாறு மீட்டர் கேபிள், மேடையின் இரு பக்கச் சுவரிலும் ஆளுயரத்துக்கு மேல் ஒவ்வொன்று. இதை ஏன் அதிகம் பேர் செய்வதில்லை என்று எனக்குப் புரிவதில்லை. விசிறி மாதிரி பார்வையாக இல்லை என்பது காரணமோ என்னவோ.

திருகுச்சுருள் மாதிரி இருக்கும் ஹெலிக்கல் ஆன்டெனா மண்டபத்துக்கு வேண்டாம். நூறு மீட்டர் தள்ளி நின்று மைதானத்து மேடையைக் கேட்க அது. கோணம் குறுகல், ஆள் பக்கவாட்டில் நடந்தால் தப்பிவிடும். இரண்டு ஆன்டெனாவையும் ஒரே பலகையில் அடக்கிய, ஆர்எஃப் வெனியூ கம்பெனியின் டைவர்சிட்டி ஃபின் என்ற மாடல் வாடகைக்குப் போகிறவர்களுக்கு வசதி. ஒரு ஸ்டாண்டில் வேலை முடிந்துவிடும்.

எதை வாங்கினாலும் வைப்பதில் செய்யும் தவறு எல்லோருக்கும் ஒன்றுதான். இரண்டு ஆன்டெனா எதற்கு? அலை சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பி, நேராக வரும் அலையோடு மோதிச் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அங்கே சிக்னலில் குழி விழும். அந்தக் குழிகள் கால் மீட்டருக்கு ஒன்று வீதம்கூட இருக்கும். ஒரு ஆன்டெனா குழியில் இருக்கும்போது இன்னொன்று மேட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் டைவர்சிட்டி. இரண்டையும் ஒட்டி வைத்தால் இரண்டும் ஒரே குழியில். குறைந்தது ஒரு மீட்டர் விடுங்கள். நான் மண்டபத்தில் மேடைக்கு இடம் ஒன்று, வலம் ஒன்று என்றுதான் வைப்பேன். மாப்பிள்ளையை இந்தப் பக்கம் கேமராக்காரர் மறைத்தால் அந்தப் பக்கம் கேட்கும். குச்சியாக இருந்தால் இரண்டையும் செங்குத்தாக நிறுத்தாமல் வி வடிவில் சாய்த்து விடுங்கள். யாரும் மைக்கை ஸ்டாண்டில் நிற்பது போல நேராகப் பிடிப்பதில்லை. பேடிலை இரும்புத் தூணில் ஒட்டிக் கட்டாதீர்கள், மூங்கிலில் கட்டினால் தப்பில்லை.

எல்இடி வால், அதாவது மேடையில் சுவர் மாதிரி நிறுத்தும் எல்இடி திரை, பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். ஒரு ரிசப்ஷனில் மதியம் மூன்று மணிக்கு மண்டபம் முழுக்க மைக்கோடு நடந்து பார்த்தேன், வாசல் வரை போய்வந்தேன், ஒரு சொடுக்குச் சத்தம் இல்லை. ஆறரைக்கு மணமக்களுக்குப் பின்னால் எல்இடி வாலை ஆன் செய்தார்கள். ரிசீவரில் யாரும் மைக்கை ஆன் செய்யாமலே சிக்னல் கோடு மூன்று எரிந்தது. அந்தப் பலகைகளின் மின்சுற்று யுஎச்எஃப் முழுக்க இரைச்சலைக் கொட்டும். அதற்கு இரண்டு மீட்டரில் என் ஆன்டெனாக்கள் நின்றன, அதுவும் அதைப் பார்த்தபடி. அன்றைக்கு என்னிடம் இருந்தது குச்சி மட்டும். மேடை ஓரத்திலிருந்து கழற்றி, முன்வரிசை ஓரம் ஆறேழு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய்த்தான் சமாளித்தேன். பேடில் உண்மையிலேயே காசுக்கு மதிப்பு தருவது இங்கேதான். மேடையின் ஓரத்தில், எல்இடி வாலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, முதுகைத் திரைக்கும் முகத்தை மணமக்களுக்கும் திருப்பினால், பின்னால் வரும் இரைச்சலை அது அடக்கிவிடும். குச்சியால் இது முடியாது. அதனால் எல்இடி வால் நிரந்தரமாக உள்ள மண்டபம் என்றால் என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ரிசீவரை மேடைப் பக்கமே வையுங்கள், ஆனால் பேடிலோடு. கேபிள் ஐந்து மீட்டர்தான் என்பதால் ஆர்ஜி-58 கூடப் போதும்.

எந்த ஆன்டெனாவும் தப்பான அலைவரிசையைத் திருத்தாது. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு பகுதி 2022 ஏலத்தில் 5ஜிக்குப் போய்விட்டது. 703 முதல் 748 வரை போன்கள் டவருக்குப் பேசும் இடம். பழைய மைக் செட் சில அந்த எண்களில்தான் இன்னும் ஓடுகின்றன. எண்ணூறு பேர் சட்டைப் பையிலும் கைப்பையிலும் போன் இருக்கும் இடத்தில் அந்த மைக்குக்கு விசிறி வீசி ஒன்றும் ஆகப்போவதில்லை.

கடைசியில் மேனேஜருக்கு என்ன செய்தோம் என்றால், நாலு ரிசீவரையும் மேடையின் இடப்பக்கச் சுவரில், ஏழடி உயரத்தில் பலகை அடித்து ஏற்றினோம். ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரு முழம் விட்டு. அவர் மண்டபத்தில் எல்இடி வால் கிடையாது. வாடகைக்கு வந்தாலும் வலப்பக்கம்தான் நிறுத்துவார்கள். தச்சுக்கூலியும் நாலு எக்ஸ்எல்ஆர் கேபிளும்தான் செலவு. ஐப்பசி முகூர்த்தத்தில் ஒருமுறை கட் ஆனது என்று போன் வந்தது. விசாரித்தால், வாழ்த்திப் பேசிய பெரியவர் மைக்கின் அடிப்பகுதியை, அதாவது டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா இருக்கும் வாலை, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருக்கிறார். இப்போது அந்த மைக்குகளின் வாலில் மேனேஜர் மஞ்சள் டேப் சுற்றி வைத்திருக்கிறார். கேட்பவர்களிடம், "மஞ்சளுக்கு மேல பிடிங்க" என்கிறார்.